பிளாஸ்டிக் கடல் எப்படி ஏமாற்றுகிறது?

"இத்தாலிய இயக்குநர் பெலினி 1983-இல் எடுத்த கப்பல் படத்தில் கடல் வெறும் பிளாஸ்டிக் விரிப்பாமே, தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பொம்மைக் கப்பலை விட்டிருக்கலாமே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அந்த ‘எ லா நாவே வா’ படத்தின் கலை இயக்குநர் தாந்தே ஃபெரெத்தி. 1943-இல் இத்தாலியின் மாச்செராத்தாவில் பிறந்தவர். இயக்குநர் பசோலினியின் படத்தில் உதவியாளராக இருந்து, பெலினியுடன் ஐந்து படங்கள், அப்புறம் ஹாலிவுட் இயக்குநர் ஸ்கோர்செசியுடன். மனைவி பிரான்செஸ்கா லோ ஸ்கியாவோவோடு சேர்ந்து மூன்று ஆஸ்கார். ரோமின் சினெச்சித்தா ஸ்டூடியோவுக்குள் கப்பல் தளத்தை ஹைட்ராலிக் ஜாக்குகள் மேல் கட்டி ஆட்டினார்கள். மறைக்கவும் இல்லை, கடைசியில் கேமரா அதையெல்லாம் காட்டிவிடுகிறது.

சரி, தண்ணீருக்கு வருவோம். கப்பலை நூறில் ஒரு பங்காகச் செய்துவிடலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாதே! ஆழ்கடல் அலையின் வேகம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முகட்டுக்கு முகடு 100 மீட்டர் உள்ள அலை நம்மைக் கடக்க சுமார் 8 வினாடி ஆகும். 1 மீட்டர் அலைக்கு 0.8 வினாடி போதும். பெரிய கப்பலைச் சுற்றி அலைகள் இப்படிப் படபடத்தால் யார் நம்புவார்கள்? வினாடிக்கு 240 ஃபிரேம் எடுத்து 24-இல் ஓட்டினால் அலை நிதானமாகிவிடும், உண்மைதான். ஆனால் துளி விடாது. தண்ணீரைத் துளியாகத் திரட்டிப் பிடிக்கும் பரப்பு இழுவிசைக்குப் பொம்மைக் கப்பல், நிஜக் கப்பல் என்ற பேதம் கிடையாது, தெறிக்கும் துளி சில மில்லிமீட்டர் இருந்தே தீரும். நூறில் ஒரு பங்குக் கப்பலுக்குப் பக்கத்தில் 3 மில்லிமீட்டர் துளி என்றால் 30 சென்டிமீட்டர் பூசணிக்காய் பறக்கிற மாதிரி!

பிளாஸ்டிக்கில் துளியே இல்லை. அலையின் வேகமும் ஆட்டுகிறவர் கையில். எனக்கு மிகவும் பிடித்தது ஒளியின் சமாச்சாரம்: நேராக விழும் ஒளியில் தண்ணீர் 2 சதவீதம்தான் எதிரொளிக்கும், வழுவழுப்பான பிளாஸ்டிக் ஏறக்குறைய 4, பரப்பை உரசுவதுபோல் சாய்வாக விழுந்தால் இரண்டுமே கிட்டத்தட்ட முழுதாகத் திருப்பிவிடும். மடிப்புகள் அசைய அசைய அந்தப் பளபளப்பு நகர்வதைப் பார்த்துத்தான் நாம் கடல் என்கிறோம்.

நிலவில் இறங்கியதும் இப்படி ஸ்டூடியோவில் எடுத்ததுதான், படத்தை மெதுவாக ஓட்டிவிட்டார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் இன்னும் சுற்றவிடுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. அப்போலோ வீரர்கள் நிலவில் ஓட்டிய ரோவர் வண்டியின் சக்கரம் வாரியிறைத்த தூசியைப் பாருங்கள்: புகைபோல் மிதக்காமல் வளைகோட்டில் எழுந்து அப்படியே விழுகிறது. காற்றுள்ள ஸ்டூடியோவில் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அது வராது.