ஆறாவது விரலைப் பார்த்த டாக்டர் ஏன் இதயத்தைக் கேட்கிறார்?

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அக்கா குழந்தைக்கு ரெண்டு கையிலும் ஆறு ஆறு விரல். அதிர்ஷ்டம் என்கிறார் பாட்டி. டாக்டரோ கையைப் பார்த்துவிட்டு நெஞ்சுக்கு எக்கோ எடுக்கச் சொல்கிறார். விரலுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?"

ஆறாவது விரல் மட்டும் என்றால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் அவர் கூடவே எழுதியது: நகங்கள் குறுணை அரிசி அளவுக்கு மெலிந்திருக்கின்றன, முன்கை குட்டை. இவை சேர்ந்து வந்தால் டாக்டர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும்: எல்லிஸ்-வான் கிரெவெல்ட் நோய். 1940-ல் எடின்பரோவின் ரிச்சர்ட் எல்லிஸும் ஆம்ஸ்டர்டாமின் சைமன் வான் கிரெவெல்டும் சேர்ந்து விவரித்தது. மிக அரிது. இந்தக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் இதயக் குறை இருக்கும். மேலறைகள் இரண்டுக்கும் நடுவே சுவரே எழும்பாமல் ஒரே அறையாக நிற்பது அதிகம்.

காரணம் ஒரு மயிரிழை. நம் செல்களில் பெரும்பாலானவற்றின் மேல் ஒற்றைக் குற்றிழை ஒன்று ஆன்டெனா போல நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துச் செல்கள் அனுப்பும் 'ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதச் செய்தியை அதுதான் வாங்கும். ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி. பழ ஈயில் இந்த மரபணு கெட்டபோது புழுவின் உடம்பெல்லாம் முள்ளாக இருந்ததால் வந்த பெயர். அதைக் கண்டுபிடித்த நுஸ்லைன்-ஃபோல்ஹார்டுக்கும் வீஷாஸுக்கும் 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஈப்புழுவை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்குக் காசு கொடுத்ததால்தான் இன்று ஒரு குழந்தையின் கையை நம்மால் படிக்க முடிகிறது. அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

செய்தி வந்ததும் 'ஸ்மூதன்ட்' என்ற புரதம் குற்றிழைக்குள் ஏறும். இழையின் அடியில் வளையம் போல ஓர் இடம். அங்கே ஈவிசி, ஈவிசி2 என்ற இரண்டு புரதங்கள் ஜோடியாக உட்கார்ந்து, செய்தியை வாங்கி உள்ளே கடத்திவிடும். ஜோடியில் ஒன்று கெட்டாலும் போச்சு. தபால்காரர் ஊர் எல்லைவரை வந்துவிட்டார், வாங்கி வீடு சேர்க்க ஆளில்லை.

எலும்பு நுனியின் குருத்தெலும்பில் செல்களைப் பெருகச் சொல்வது அந்த ஹெட்ஜ்ஹாக்கின் ஒரு வகையான 'இந்தியன் ஹெட்ஜ்ஹாக்'; ஆம், நம்மூர் முள்ளெலியின் பெயரேதான்! அந்தச் சொல் அரைகுறையாகக் கேட்டால் எலும்பு குட்டையாகிறது. விரல் கணக்கும் இதே வழியில் பிசகுகிறது. கருவின் இதயத்திலோ, பின்புறமிருந்து ஒரு செல் கூட்டம் உள்ளே நுழைந்து மேலறைச் சுவருக்கு அடித்தளம் போட வேண்டும். அவை கிளம்புவதும் இதே செய்தியைக் கேட்டுத்தான். கேட்காவிட்டால் சுவரும் இல்லை.

இது தெரியாமல், கிரகணத்தில் அரிவாள்மனையைத் தொட்டாள் என்று தாயைக் குற்றவாளியாக்குகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. ஈவிசி ஜோடியில் ஒரு புரதத்தைச் செய்யும் மரபணுவின் பழுதான பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுதல். தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் அமெரிக்காவின் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தினரிடையே இந்த நோயை ஆராய்ந்த மரபியல் மருத்துவர் விக்டர் மெக்யூசிக், 1744-ல் குடியேறிய ஒரே தம்பதிவரை தடம் பிடித்தார். சொந்தத்தில் கட்டுவோரைத் திட்டிப் பயனில்லை. மரபணு ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் உட்கார வேண்டும்.

வாசகிக்கு: எக்கோ எடுங்கள், வலிக்காது. விரலை எடுப்பதாக இருந்தால் எக்கோ முடிவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்; இந்தக் குழந்தைகளுக்கு நெஞ்சுக்கூடும் குறுகலாக இருக்கும், மயக்க மருந்து கொடுப்பவர் முன்கூட்டியே அதைத் தெரிந்திருக்க வேண்டும்.