மேக்ஸ்த்ரெட்ஸை ஏற்றுவதற்கு முன்னால்

"சர்வர் தொங்குது, மேக்ஸ்த்ரெட்ஸை 200லிருந்து 800 ஆக்கிட்டோம், இன்னும் மோசமாயிடுச்சு." இந்த வாரமும் இதே புலம்பல். மோசமாகத்தான் செய்யும்.

ஜாவா வெப் சர்வரான டாம்கேட்டை நிறுவியபடியே விட்டால் அதிகபட்சம் 200 த்ரெட்கள் (ஆளுக்கொரு ரிக்வெஸ்டைக் கவனிக்கும் வேலையாட்கள் மாதிரி) இருக்கும்; அந்த உச்சவரம்புதான் மேக்ஸ்த்ரெட்ஸ். ஒரு ரிக்வெஸ்ட் அரை நொடியில் முடிந்தால், நொடிக்கு 400 ரிக்வெஸ்ட் வரை அந்த 200 போதும். அதே ரிக்வெஸ்ட் 10 நொடி இழுத்தால் நொடிக்கு 20தான். அப்படியானால் பார்க்க வேண்டியது எதை? அந்த 10 நொடி எங்கே போகிறது என்பதை. நான் பார்த்தவரை பெரும்பாலும் டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்காகக் காத்திருப்பதில் போகிறது. டேட்டாபேஸுக்கான கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்துப் பகிர்ந்து தரும் ஹிகாரி பூலில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் அதிகபட்சம் 10 கனெக்‌ஷன். அந்தப் பத்துக்கு 200 த்ரெட்கள் அடித்துக்கொள்ளும்போது இன்னும் 600ஐக் கொண்டுவந்து நிறுத்தினால் யாருக்கு லாபம்? 30 நொடி காத்திருந்துவிட்டு எக்ஸப்ஷனோடு திரும்பும் கூட்டம்தான் பெருகும். மெமரியும் கூடுதலாகப் போகும். ஜாவா 21க்கு மாறி விர்ச்சுவல் த்ரெட் (மெமரி குறைவாக எடுக்கும் இலகுவான த்ரெட்) போட்டாலும் அந்தப் பத்து கனெக்‌ஷன் பத்தாகவேதான் இருக்கும்.

தயவுசெய்து ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். ரீஸ்டார்ட் ஆனால் தடயம் போச்சு, அப்புறம் என்னிடம் வந்து பயனில்லை. சில நொடி இடைவெளியில் அதை எடுத்துத் தரும் ஜேஸ்டாக் கருவியை மூன்று முறை ஓட்டினால் போதும். ரிக்வெஸ்ட் த்ரெட்களில் பாதிக்கு மேல், பூலிடம் கனெக்‌ஷன் கேட்கும் 'கெட்கனெக்‌ஷன்' வரியில் நின்றால் பூல்தான் சிக்கல். சாக்கெட் ரீடில், அதாவது நெட்வொர்க்கில் பதிலை எதிர்பார்த்து, நின்றால், எதிர்முனையில் உள்ள ஏதோ ஒரு சர்வீஸோ டேட்டாபேஸோ பதில் தரவில்லை. அந்த நிலையில் த்ரெட்டின் பக்கத்தில் 'ரன்னபிள்' (ஓடும் நிலை) என்றே போட்டிருக்கும்; வேலை நடக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

வெளி சர்வீஸை அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் டைம்அவுட் (இவ்வளவு நேரம்தான் காத்திருப்பது என்ற வரம்பு) வையுங்கள். ஜாவாவின் பழைய ஹெச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷனில் நீங்கள் வைக்காவிட்டால் அது முடிவில்லாமல் காத்திருக்கும். இது தெரியாமல் எத்தனை பேர்!

சர்வரைச் சோதிக்க ஒரே பிரௌசரில் இருபது டேப் திறந்து, "ஒரே நேரத்தில் ஆறு ரிக்வெஸ்டுக்கு மேல் போகவில்லை" என்பவர்களும் உண்டு. ஹெச்டிடிபி 1.1இல் ஒரு தளத்துக்கு ஆறு கனெக்‌ஷன் என்பது பிரௌசர் வைத்த வரம்பு. சோதனைக்கு ஜேமீட்டர் மாதிரி சுமை சோதனைக் கருவி எடுங்கள்.

சரி, பூலை ஏற்றத்தான் வேண்டுமா? முதலில் பெருக்கிப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாகத் தருவது 100 கனெக்‌ஷன். நான்கு சர்வரில் ஆளுக்கு 30 என்றால் 120; வரம்பைத் தாண்டிவிட்டது.