ஸ்பூனரிசம்: முதலொலி மாற்று

இரு சொற்களை அடுத்தடுத்துச் சொல்லும்போது அவற்றின் தொடக்க ஒலிகள் தம்முள் இடம் மாறி, எண்ணியதற்கு வேறான, பெரும்பாலும் நகைப்பூட்டும் தொடராக வெளிவருவதை ஆங்கிலத்தில் ஸ்பூனரிசம் என்பர். ‘காய் நறுக்கு’ என்று சொல்ல வந்தவர் வாய் தவறி ‘நாய் கறுக்கு’ என்றால் அது ஸ்பூனரிசம். ‘பல் வலி’ ‘வல் பலி’ ஆனாலும் அதுவே.

இச்சொல் ஒரு குடும்பப் பெயரிலிருந்து பிறந்தது. வில்லியம் ஆர்ச்சிபால்டு ஸ்பூனர் (1844–1930) விக்டோரியா அரசியின் காலத்தில் ஆக்ஸ்போர்டின் நியூ காலேஜில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1903 முதல் 1924 வரை அக்கல்லூரியின் தலைவராக விளங்கியவர். இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவரும் ஆவார். பண்டைய வரலாறும் இறையியலும் கற்பித்த அவர், ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் ‘வரலாறுகள்’ என்னும் நூலை 1891இல் பதிப்பித்தார். பிறவியிலேயே தோலில் நிறமி குறைந்து, கண்பார்வையும் மங்கியிருந்த நிலையில் இவ்வளவையும் செய்த ஒரு கல்விமானை உலகம் நாப்பிறழ்ச்சிக்காக மட்டுமே நினைவில் வைத்திருப்பது வருத்தத்திற்குரியது.

1879இல் தேவாலயத்தில் ‘காங்கரிங் கிங்ஸ்’ எனத் தொடங்கும் பாடலை அறிவிக்கையில் ‘கிங்கரிங் காங்ஸ்’ என்றார் என்பதே அவரைப் பற்றிய பேச்சுகளில் முதன்மையானது. கூலி விகிதத்தைக் குறிக்கும் ‘ரேட் ஆஃப் வேஜஸ்’ என்பதைச் ‘சினங்களின் சுமை’ என்று பொருள்படும்படி ‘வெயிட் ஆஃப் ரேஜஸ்’ ஆக்கினார் என்பது மற்றொன்று. இவ்வாறு ஓரளவு நம்பத்தக்கவை மிகச் சில. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை மாணவர்கள் புனைந்து அவர்மேல் ஏற்றியவை. ‘அன்புக்குரிய நம் மூத்த அரசி’ என்னும் பொருளுடைய ‘டியர் ஓல்ட் குவீன்’ அவர் வாயில் ‘குவியர் ஓல்ட் டீன்’, அதாவது ‘விசித்திரமான கிழட்டு டீன்’ ஆயிற்று என்பர். ஸ்பூனரே 1876 முதல் 1889 வரை டீன் பதவி வகித்தவர் என்பதை எண்ணும்போது, அது யாரோ ஒரு மாணவரின் கைவேலை என்றே கருதத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், 1885 அளவிலேயே ஆக்ஸ்போர்டில் வழங்கிய இச்சொல் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பொதுவழக்கிற்கு வந்துவிட்டது. இவ்விளையாட்டுக்கு லண்டனில் ‘மரோஸ்கி’ என்றொரு பெயர் முன்னரே இருந்தும், அது நிலைக்கவில்லை.

தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடுவோர் சில சொற்களை விலக்கவேண்டும். சிலேடை என்பது ஒரே தொடர் இருபொருள் தருவது. அங்கே ஒலி மாறுவதில்லை. ‘இல்முன்’ ‘முன்றில்’ ஆகும் இலக்கணப் போலியில் சொற்களே முன்பின்னாகின்றன. மிக நெருங்கி வருவது, ‘தசை’ ‘சதை’ ஆகவும் ‘ஞிமிறு’ ‘மிஞிறு’ ஆகவும் திரியும் எழுத்து நிலைமாற்றம். ஆயினும் அது ஒரு சொல்லுக்குள் நிகழ்ந்து, வழக்கில் நிலைபெற்றுவிட்ட மாற்றம். ஸ்பூனரிசமோ இரு சொற்களுக்கிடையே அக்கணத்தில் மட்டும் நிகழ்வது.

‘முதலெழுத்து மாற்று’ எனலாமா என்றால், அதிலும் ஒரு தடை உண்டு. ‘நாய் கறுக்கு’ என்பதைக் கூர்ந்து நோக்குக: ககர, நகர மெய்கள் மட்டுமே இடம் மாறியுள்ளன, ‘கா’வின் நெடிலும் ‘ந’வின் குறிலும் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன. முழு எழுத்தும் மாறியிருந்தால் ‘நய் காறுக்கு’ என்றன்றோ வந்திருக்கும். ‘கிங்கரிங் காங்ஸ்’ என்பதில் இதற்கு மாறாக, இரு சொற்களும் ககர மெய்யிலேயே தொடங்குவதால், உயிரொலிகளின் மாற்றமே செவிக்குப் புலனாகிறது. இவ்விரு வகையையும் அடக்குவதால் ‘முதலொலி மாற்று’ என்பதே பொருத்தமான கலைச்சொல் என்பது என் துணிபு. சித்திரகவி என்னும் சொல்விளையாட்டுச் செய்யுள் வகையில், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் பாடலுக்கு ‘மாலைமாற்று’ என்னும் பெயர் முன்னரே வழங்குவதால், ‘மாற்று’ என்னும் ஈறு தமிழ்க் காதுக்குப் புதிதன்று.

தானாக நேரும் தவறை ‘முதலொலிப் பிறழ்வு’ என்றும், வேண்டுமென்றே செய்யும் விளையாட்டை ‘முதலொலி மாற்று’ என்றும் பிரித்து வழங்குவது இன்னும் நன்று. விக்டோரியா ஃபிராம்கின் போன்ற மொழியியலாளர்கள், வாய் ஒரு சொல்லை ஒலிக்கும்போதே மனம் அடுத்த சொல்லையும் ஆயத்தமாக வைத்திருக்கிறது என்பதற்குச் சான்றாகக் கொண்டவை முன்னதையே. ஸ்பூனரின் பெயரால் மாணவர்கள் புனைந்தவை பின்னதைச் சேர்ந்தவை.