முதுகுப்பட்டையில் பதிந்த காலம்: பழைய ஷெஃபீல்டு ரம்பங்களின் வயதைக் கணிக்கும் முறை

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட எஃகு அலகு மரத்துக்குள் தள்ளப்படும்போது எளிதில் வளைந்துவிடும். அதைத் தடுப்பதற்காக அலகின் மேல்விளிம்பில் பித்தளை அல்லது இரும்புப் பட்டை ஒன்றை இரண்டாக மடித்துக் கவ்வவைத்தால் கிடைப்பதே முதுகு ரம்பம். பட்டையின் விறைப்பு அலகை நேராக வைத்திருக்கிறது. அதன் எடை வெட்டுக்கு அழுத்தம் தருகிறது. பட்டை தடுப்பதால் ஆழமாக அறுக்க முடியாது என்றாலும், கழுந்து, புறாவால் போன்ற மூட்டுகளைத் துல்லியமாக வெட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. பிரிட்டனில் இவை லண்டன், பர்மிங்காம் போன்ற நகரங்களிலும் உருவாயின. ஆனால் மிகப் பெரும்பாலானவை ஷெஃபீல்டு நகரத்தின் பட்டறைகளிலிருந்து வந்தவை. அவற்றில் செய்த ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் இருக்கவில்லை. ஆகவே வயதை ரம்பத்தின் உடலிலிருந்துதான் படித்தெடுக்க வேண்டும்.

இந்த ஆய்வில் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. ஒரு ரம்பத்தில் காணப்படும் ஒவ்வோர் அடையாளமும் 'இந்த ஆண்டுக்கு முன்பு செய்திருக்க முடியாது' என்பதை உறுதியாகச் சொல்லும். 'இந்த ஆண்டுக்குப் பின்பு செய்திருக்க முடியாது' என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்லாது. ஷெஃபீல்டு பட்டறைகள் பழைய வடிவங்களையும் பழைய முத்திரைகளையும் பல பத்தாண்டுகள் விடாமல் பயன்படுத்தின. எனவே பழமையாகத் தோன்றும் பகுதியைக் கண்டு மகிழ்வதைவிட, மாற்றப்படாத பகுதிகளுள் எது மிகப் புதியது என்று தேடுவதே சரியான வழி.

தேடலை முதுகுப்பட்டையின் இடப்பக்கத்திலிருந்து தொடங்கலாம். தயாரிப்பாளரின் பெயர் பெரும்பாலும் அங்கேதான், எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதிக்கப்பட்டிருக்கும். விளக்கைப் பட்டைக்கு இணையாகத் தாழ்த்திப் பிடித்தால், நேர் ஒளியில் வெறும் கறையாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகளின் விளிம்புகள் நிழலோடு எழுந்து நிற்கும். பித்தளையைப் பளபளப்பாகத் தேய்க்க வேண்டும் என்ற ஆசையை இங்கே அடக்கிக்கொள்ள வேண்டும். தேய்ந்துபோன முத்திரையை எந்த நூலகத்தாலும் மீட்டுத் தர முடியாது. சிறிது எண்ணெயும் மென்மையான துணியும் போதும்.

பெயர் தெரிந்ததும் காலத்தின் எல்லைகள் தெளியத் தொடங்கும். எடுத்துக்காட்டாக, 1760-இல் ஸ்பியர், லவ் என்ற இருவரின் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் 1830-இல்தான் 'ஸ்பியர் அண்ட் ஜாக்சன்' ஆனது. ஆகவே அந்தப் பெயர் தாங்கிய ரம்பம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. பெயரோடு சேர்ந்து வரும் சொற்களும் பயன்படும். மகுடத்தோடு 'வி.ஆர்.' என்ற எழுத்துகள் இருந்தால் அது விக்டோரியா அரசி அரியணை ஏறிய 1837-க்குப் பிந்தியது. 'லிமிடெட்' என்ற சொல் 1855-ஆம் ஆண்டின் வரையறுக்கப்பட்ட பொறுப்புச் சட்டத்துக்குப் பிறகே நிறுவனப் பெயர்களில் இடம்பெற முடியும். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் பதிந்திருந்தால், இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டைக் குறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் இயற்றிய சுங்கச் சட்டத்தின் தாக்கமாக அது இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. இதற்கு மாறாக, பலரும் நம்பும் 'காஸ்ட் ஸ்டீல்' முத்திரை அதிகம் உதவுவதில்லை. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் ஷெஃபீல்டுக்கு அருகே உருவாக்கிய மூசை எஃகை, அதாவது மண்கலத்தில் உருக்கி வார்த்த எஃகைக் குறிக்கும் அந்தச் சொற்கள் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் ரம்பங்களில் பதிக்கப்பட்டன.

பெயரை ஊர் வணிகக் கையேடுகளோடு ஒப்பிடுவது அடுத்த படி. ஷெஃபீல்டுக்கு 1774, 1787 ஆண்டுகளிலேயே அத்தகைய கையேடுகள் வெளிவந்தன. எந்தப் பட்டறை எந்தத் தெருவில் எப்போது இருந்தது என்பதை அவற்றிலிருந்து தொடர்ந்து பார்க்கலாம். ஷெஃபீல்டுக் கருவி வணிகர் கென் ஹாலி வாழ்நாள் முழுவதும் திரட்டிய கருவித் தொகுப்பு ஷெஃபீல்டின் கெல்ஹம் தீவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் பட்டையில் உள்ள பெயர் செய்தவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. விற்ற கடைக்காரரும் தம் பெயரைப் பதிக்கச் சொன்னதுண்டு. கைப்பிடி மரத்தில் குத்தப்பட்ட பெயரோ பெரும்பாலும் அதை வைத்திருந்த தச்சருடையது.

முத்திரை அழிந்துபோன ரம்பத்தில் கைப்பிடியும் திருகுகளும்தான் சாட்சி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரம்பங்கள் எப்படி இருந்தன என்பதற்கு நம்மிடம் அரிய சான்று ஒன்று இருக்கிறது. பெஞ்சமின் சீட்டன் என்ற இளைஞருக்காக அவருடைய தந்தை 1796-இல் லண்டன் வணிகர் கேப்ரியலிடம் வாங்கிய கருவிகள், அதிகம் பயன்படுத்தப்படாமலேயே ராச்செஸ்டர் அருங்காட்சியகத்தில் பெட்டியோடு பாதுகாக்கப்படுகின்றன; அவற்றுள் ஷெஃபீல்டின் ஜான் கென்யன் செய்த ரம்பங்களும் உள்ளன. அக்காலக் கைப்பிடிகள் அரத்தால் இழைத்து மெலிதாகச் செதுக்கப்பட்டவை. பிற்காலத்தில் வேலையை விரைவுபடுத்த வளைவுகள் குறைந்து, பிடி தடித்தது. மரத்தோடு மட்டமாகப் பதிந்து, விளிம்பில் இரு பள்ளங்கள் கொண்ட பித்தளை நட்டுகளைக் கண்டதும் 'மிகப் பழையது' என்று முடிவு கட்டுவோர் பலர். பிரிட்டனில் அவை 19-ஆம் நூற்றாண்டிலும் நீண்ட காலம் பயன்பட்டன என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பிற்காலப் பழுதுபார்ப்புகளையும் கழித்துப் பார்க்க வேண்டும். நட்டைச் சுற்றிலும் மரத்தில் பழைய துளையின் அடையாளம் இருந்தாலோ, அலகில் பயன்படாத துளை ஒன்று தெரிந்தாலோ, நட்டுகளோ கைப்பிடியோ பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம். அலகு முனையை நோக்கிக் குறுகியிருப்பது பல முறை கூர்தீட்டியதாலோ, பட்டைக்குள் அலகு நழுவியதாலோ நேர்ந்திருக்கலாம்.

இப்படி எல்லாவற்றையும் பார்த்த பிறகு, 'ஸ்பியர் அண்ட் ஜாக்சன்', 'வி.ஆர்.' என்ற முத்திரைகளும் மட்டமான நட்டுகளும் மெலிந்த பீச் (beech) மரப் பிடியும் கொண்டு, 'லிமிடெட்' இல்லாத ஒரு ரம்பத்தைப் பற்றி என்ன சொல்லலாம்? 1837-க்குப் பிந்தியது என்பது உறுதி. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்பது நல்ல ஊகம். அதற்கு மேல் ஒற்றை ஆண்டைக் குறித்துச் சீட்டு ஒட்டுவதற்கு அந்த ரம்பத்தில் ஆதாரம் இல்லை.