அதூஃப்: இதில் சட்டம் எங்கே, மேளம் எங்கே?

ஒரு காணொளியின் தமிழ் வசனவரிகளில் ‘ஃப்ரேம் டிரம்’ என்பதற்கு ஈடாகச் ‘சட்டக மேளம்’ என்ற சொல்லை மூன்றாவது தடவையாகப் பார்த்தபின் பொறுமை போய்விட்டது. திரையில் போர்ச்சுக்கீசிய மூதாட்டி ஒருவர் சதுரத் தோல்கருவியொன்றை நெஞ்சுக்கு நேரே பிடித்து விரல்களால் தட்டிக் காட்டுகிறார். கீழே ‘சட்டக மேளம் வாசிக்கப் பழகுவோம்’ என்று ஓடுகிறது. இதே கருவியை வேறோர் இடத்தில் ‘போர்ச்சுக்கீசியக் கஞ்சிரா’ என்றார்கள். இன்னோர் இடத்தில் ‘சட்ட மேளம்’. வக்கீல்கள் வாசிப்பது போலும்!

அதன் பெயர் அதூஃப். அரபியில் ‘துஃப்’ என்றால் கைப்பறை. முன்னால் ‘அல்’ சேர, லகரம் தகரத்தில் கரைந்து ‘அத்துஃப்’ ஆகிறது. முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் ஐபீரியாவுக்கு, அதாவது ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் உள்ள தீபகற்பத்துக்கு, வந்த சொல். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்து ‘அடுஃபே’ என்று எழுத வேண்டியதில்லை. போர்ச்சுக்கீசிய உச்சரிப்பில் டகரமே கிடையாது. சொற்பிறப்பு இவ்வளவுதான்.

கஞ்சிராவுக்கு வருகிறேன். பெயர் பிழைத்தால் கையும் பிழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. கஞ்சிராவை இடக்கையில் பிடித்து வலக்கையால் வாசிக்கிறோம். அதூஃபை இரண்டு கட்டைவிரல்களும் வலக்கைச் சுட்டுவிரலும் தாங்குகின்றன. மற்ற விரல்கள் அத்தனையும் தட்டுவதற்கு. பிடிக்கும் கை, அடிக்கும் கை என்ற பிரிவினையே அதில் இல்லை. ‘கஞ்சிரா’ என்று படித்துவிட்டு உட்காரும் மாணவர் முதல் நாளே ஒற்றைக் கையில் தூக்குவார். மூலை சரியும், மணிக்கட்டு வலிக்கும். கஞ்சிராவுக்கு மரபாக உடும்புத்தோலில் ஒரே முகம், சட்டத்தில் சலங்கைபோல் ஒலிக்கும் நாணயங்கள். அதூஃபுக்கு ஆட்டுத்தோலில் இரு முகம், ஓரங்களில் சேர்த்துத் தைத்தது. உள்ளே கிடக்கும் விதைகளோ சிறுமணிகளோ சலசலக்கும். கஞ்சிராவின் சுருதியை இறக்கத் தண்ணீர் தடவுவார்கள். அதூஃபின் தோல் தளர்ந்தால் சூடு காட்டுவார்கள்.

சூடு காட்டி முறுக்கேற்றும் கருவி நமக்குப் புதிதா? பறையைத் தீயில் காய்ச்சுவதை ஊரில் பார்த்தவர் எத்தனை பேர்! மரச்சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய கருவிக்குத் தமிழில் பெயர் இருக்கும்போது ‘சட்டகம்’ எதற்கு? அது இன்று ஆய்வேடுகளில் ‘கோட்பாட்டுச் சட்டகம்’ என்று உலவும் சொல். தட்டினால் ஓசை வராது. மேளமோ இன்னும் மோசம். அதைக் கேட்டதும் தவிலும் கல்யாண வீடும் நினைவுக்கு வருகின்றன.

உண்மைக் காரணம் வேறு என்பது என் எண்ணம். பறை என்று எழுதக் கூசுகிறார்கள். சாதி ஏற்றிய இழிவுக்கு அஞ்சி, ஒரு பழஞ்சொல்லைத் தொடாமல் சுற்றிப்போகிறார்கள். தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது ‘பறை’ என்றே சொல்கிறது. உரைகாரர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என்று நிலத்துக்கு ஒன்று வகுத்தார்கள். அது தோல்கருவிகளுக்கான பொதுப்பெயர். அந்த வரிசையில் ஒரு போர்ச்சுக்கீசியப் பறை உட்கார்ந்தால் யாருக்கு என்ன குறை? நம் பறை குச்சிகொண்டு அடிப்பது, இது விரலால் தட்டுவது. ஆகவே ‘சதுரக் கைப்பறை’ என்பேன். முதல் தடவை ‘அதூஃப் என்னும் சதுரக் கைப்பறை’ என்று எழுதிவிட்டுப் பிறகு அதூஃப் என்றே ஓட்டலாம். தனிப்பெயரையும் தமிழாக்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. (மொழிபெயர்ப்பாளர்கள் கருவியை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினால் இந்தச் சண்டையில் பாதி மிஞ்சாது.)

ஒரு குறை பாக்கி. போர்ச்சுக்கலில் ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பெய்ரா பைஷா பகுதியில், இதான்யா-அ-நோவா, மொன்சாந்து போன்ற ஊர்களில், அதூஃப் பெரும்பாலும் பெண்கள் கைக்கருவி. 2015இல் யுனெஸ்கோ இதான்யாவை இசை நகரங்களின் வரிசையில் சேர்த்தது. திருவிழாக்களில் இதைத் தட்டிப் பாடிவரும் பெண்ணுக்கு அங்கே ‘அதூஃபெய்ரா’ என்றே பெயர். ஈற்றிலேயே பெண்பால் இருக்கிறது. நான் பார்த்த வசனவரியில் அவர்கள் ‘மேளக்காரர்கள்’. படிப்பவர் வேட்டி கட்டிய ஆண்களைத்தான் கற்பனை செய்துகொள்வார். ‘கைப்பறைப் பெண்கள்’ என்று எழுத எத்தனை எழுத்து கூடுதலாகச் செலவாகும்?