கோடிங் ஏறாத மண்டை என்று ஒன்று கிடையாது

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய மாணவனின் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், பையன் கம்ப்யூட்டர் சயின்ஸே வேணாங்கறான். முதல் செமஸ்டர்லயே அரியர். எனக்குக் கோடிங் மண்டையில ஏறாதுப்பா, வேற டிபார்ட்மென்ட் மாத்திவிடுங்கறான். நீங்க கொஞ்சம் பேசுங்க சார்." பிளஸ் டூவில் இதே பாடத்தில் சென்டம் வாங்கிய பையன். வருஷா வருஷம் இப்படி யாராவது வருவார்கள், பேசி அனுப்புவேன். இந்த வருஷம் கூட்டம் கூடிவிட்டதால் எழுதியே வைக்கிறேன்.

சென்டம் எப்படி வருகிறது என்று எங்களுக்குத் தெரியாதா? தியரி 70, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10. ரெக்கார்டு நோட்டில் உள்ள புரோகிராம்களை வரி பிசகாமல் எழுதத் தெரிந்தால் பிராக்டிகல் முடிந்தது. ஒருமுறை வேறு பள்ளிக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினராகப் போயிருந்தபோது ஒரு பெண் ஃபேக்டோரியல் (5 என்றால் 5×4×3×2×1) புரோகிராமை அச்சடித்த மாதிரி எழுதியிருந்தாள். "5க்குப் பதிலா 4 குடுத்தா என்னம்மா வரும்?" என்றேன். "ரெக்கார்டுல 5 தான் சார் இருக்கு" என்றாள். முழு மார்க் போட்டேன். எழுதியது சரியாக இருக்கும்போது எங்கே கை வைப்பது?

இந்தப் பிள்ளைகள் கல்லூரியில் ரெக்கார்டில் இல்லாத கணக்கைப் பார்த்ததும் திகைத்து நிற்கிறார்கள். நின்றதும் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள்: "அதுக்கெல்லாம் தனி மூளை வேணும்." இதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெற்றோர் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஆசிரியர்களே சொல்கிறார்கள்.

இந்த நம்பிக்கை நம் ஊர்ச் சரக்கு மட்டுமில்லை. 2006இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெஹ்னாதி, போர்னாட் இருவரும் ஒரு கட்டுரையைச் சுற்றுக்கு விட்டார்கள். வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு சின்ன டெஸ்ட் வைத்து, புரோகிராமிங் வருபவர், வராதவர் என்று பிரித்துவிடலாம் என்றார்கள். கம்ப்யூட்டர் வாத்தியார்கள் வட்டாரத்தில் அது காட்டுத்தீயாகப் பரவியது. 2014இல் போர்னாட் தானே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வாபஸ் வாங்கிய செய்திதான் பரவவில்லை. 2016இல் கனடாவில் எலிசபெத் பட்டிட்சாஸ் குழுவினர் ஒரு பல்கலைக்கழகத்தின் 778 கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண் பட்டியல்களை அலசினார்கள். வருபவர், வராதவர் என்று இரண்டு கூட்டம் இருந்தால் மதிப்பெண்களும் இரண்டு குவியலாக விழ வேண்டுமல்லவா? 5.8 சதவீதப் பட்டியல்களில்தான் அதற்கான அறிகுறியாவது தெரிந்தது. அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எப்படியும் அர்த்தம் கொள்ளக்கூடிய வரைபடங்களைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியர்களிடம் காட்டினார்கள். "இது பிறவியிலேயே வரணும்" என்று நம்பியவர்களின் கண்ணுக்குத்தான் அவற்றில் இரண்டு குவியல் கூடுதலாகத் தெரிந்தது. நாம் நினைத்ததைத்தான் பார்க்கிறோம்.

அப்படியானால் பிள்ளை எங்கே சறுக்குகிறது? 2001இல் மெக்ராக்கன் என்பவர் தலைமையில் பல நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து, முதல் புரோகிராமிங் பாடத்தை முடித்த மாணவர்களைச் சோதித்தார்கள். 110க்குச் சராசரி 23கூட வரவில்லை. 2004இல் லிஸ்டர் குழுவினர் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தார்கள். எழுதுவது இருக்கட்டும், எழுதியிருப்பதைப் படித்து என்ன விடை வரும் என்று சொல்லவே பலர் தடுமாறினார்கள். ஓட்டை அங்கே இருக்கிறது.

நம்ப முடியாவிட்டால் பிளஸ் ஒன் வகுப்பில் போர்டில் இந்த மூன்று வரியை எழுதிப் பாருங்கள்:

ஏ = 10
பி = 20
ஏ = பி

இப்போது ஏ என்ன, பி என்ன? "ஏ 20, பி காலி சார்" என்று ஒரு குரல் வரும். "ஏ-ல 10, 20 ரெண்டும் இருக்கும்" என்று இன்னொரு குரல். கணக்குப் பாடத்துச் சமக்குறியை நினைத்துக்கொண்டு "10உம் 20உம் எப்படி சார் சமமாகும்?" என்று ஒருவன் சண்டைக்கே வருவான். இங்கே = என்றால் வலப்பக்க மதிப்பை இடப்பக்கப் பெயருக்குக் கொடு என்று அர்த்தம். இரண்டிலும் 20, பழைய 10 போயே போச்சு என்று சொல்லும் பிள்ளைக்கு மேற்கொண்டு எதையும் சொல்லிக்கொடுக்கலாம். ஏ, பி மாதிரி மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயர்தான் வேரியபிள். அது ஒரு டப்பா என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? டப்பாவில் எடுத்தால் காலியாகும், போட்டால் சேரும். அந்த உவமையே பிள்ளைகளைக் குழப்பும் என்று டு பூலே என்ற ஆய்வாளர் 1986லேயே எச்சரித்துவிட்டார். அதே ஆண்டில் ராய் பீ என்ற இன்னொரு ஆய்வாளர் சொன்னது இன்னொன்று: மெஷினுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு மனசு நாம் நினைப்பதைப் புரிந்துகொள்ளும் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். வேரியபிளுக்குப் 'பெரியது' என்று பெயர் வைத்துவிட்டால் பெரிய எண் தானாக அதில் போய் உட்காரும் என்று நினைக்கும் பிள்ளைகளை நான் ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறேன்.

மாணவர்களே, கீபோர்டில் கை வைக்கும் முன் ரஃப் நோட்டில் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு வேரியபிளுக்கும் மேலிருந்து கீழாக ஒரு காலம், ஒவ்வொரு வரி ஓடும்போதும் மதிப்பு என்ன ஆகிறது என்று எழுதுங்கள். பைதான் மொழியில் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 5) என்றால் 5 வராது, 4உடன் நிற்கும் என்பது அந்தக் கட்டத்தில்தான் உறைக்கும். ரெக்கார்டு புரோகிராமில் ஒரு எண்ணை மாற்றி, விடையை முதலில் எழுதிவைத்துவிட்டு ஓட்டுங்கள். தப்பாக வந்தால் அழிக்காதீர்கள்.

சக ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சிலபஸ் முடிக்க நேரமில்லை என்று எனக்கும் தெரியும். புரோகிராமை வரி வரியாகச் சீட்டில் எழுதி, குலுக்கிக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். 2006இல் பார்சன்ஸ், ஹேடன் இருவரும் கொண்டுவந்த முறை இது, கால் மணி நேரம் போதும். கரண்ட் இல்லாத நாளிலும் நடத்தலாம். நன்றாகப் படிக்கும் பையனை மட்டும் மெஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்க விடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

பெற்றோருக்கு: லேப்டாப் வாங்கித்தர முடியவில்லையே என்று மருகாதீர்கள், நான் கேட்பது நாற்பது பக்க நோட்டு ஒன்றுதான். முதல் செமஸ்டரில் அரியர் வைத்த பிள்ளையிடம் டிபார்ட்மென்ட் மாற்றும் பேச்சை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம். பழைய ரெக்கார்டு நோட்டோடு என்னிடம் அனுப்பிவையுங்கள்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 நடுநிலை வகுப்பிலிருந்தே (ஆறாம் வகுப்பு) கோடிங் என்று சொன்ன பிறகு, ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் கோச்சிங் என்கிறார்கள். சேர்ப்பதானால் டெமோ வகுப்பில் கூடவே உட்காருங்கள். குழந்தை செய்து முடித்ததில் ஒரே ஒரு எண்ணை மாற்றச் சொல்லி, "இப்ப என்ன ஆகும்?" என்று குழந்தையிடம் கேளுங்கள். குழந்தை யோசிக்கும் முன்பே அங்குள்ளவர் பதில் சொல்லிவிட்டுச் சர்டிஃபிகேட்டைக் காட்டினால், பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.