கிளாடியேட்டர்: தமிழில் பொருநன்

போரையே தொலைக்காட்சி விளையாட்டாக மாற்றிவிட்ட கொடிய எதிர்காலத்தைக் காட்டும் அங்கதப் படங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் முதலில் இடறும் சொல் கிளாடியேட்டர். பண்டைய ரோமில் கூட்டம் பார்க்கக் களத்தில் ஆயுதத்தோடு மோதியவன் அவன். பீட்டர் வாட்கின்ஸ் 1969-இல் சுவீடனில் எடுத்த படத்தின் பெயரே ‘கிளாடியேட்டர்கள்’தான். அதில் உலகப் போரைத் தவிர்க்க வல்லரசுகள் சேர்ந்து ஓர் ஆணையம் அமைக்கின்றன. பல நாட்டுப் படைவீரர்கள் அணி பிரிந்து உயிர் போகும் அளவுக்கு மோதுகிறார்கள். மோதலை ஒரு கணினி நடத்துகிறது. செயற்கைக்கோள் வழியே உலகமெங்கும் விளம்பரங்களோடு ஒளிபரப்பாகிறது. இதற்கு ‘அமைதி விளையாட்டுகள்’ என்று பெயர். நாம் பார்ப்பது 256-ஆவது ஆட்டம். இவர்களை ‘வாள்வீரர்’ என்று எழுதினால் படத்தின் உயிர்நாடி அறுந்துவிடும்.

இலத்தீனில் கிளாடியுஸ் என்பது வாள். ‘வாட்போர் வீரன்’ என்ற பெயர்ப்பு அந்த வேரிலிருந்து வந்தது. வேர் சரிதான், வழக்கோடு ஒட்டவில்லை. ரோமக் களத்தில் ரெட்டியாரியுஸ் எனப்பட்டவன் ஏந்தியவை வலை, முச்சூலம், ஒரு கத்தி. வாள் இல்லாத அவனும் கிளாடியேட்டர்தான். ரோமப் படையாளோ இடுப்பில் கிளாடியுஸோடு திரிந்தும் அந்தப் பெயரைப் பெறவில்லை. சுற்றி உட்கார்ந்து பார்க்கும் கூட்டம்தான் ஒருவனைக் கிளாடியேட்டர் ஆக்குகிறது.

ரோமில் அறியப்பட்ட முதல் மோதல் கி.மு. 264-இல், இறந்த தந்தைக்காக மகன்கள் நடத்தியது. மூன்று இணைகள் பொருதன. அதை மூனுஸ் என்றார்கள். நீர்க்கடன், இறுதிக்கடன் என்கிறோமே, அந்தக் ‘கடன்’ இதற்கு அப்படியே பொருந்தும். காலப்போக்கில் கடன் காட்சியாயிற்று. கி.பி. 80-இல் ரோமின் பெரிய அரங்கான கொலோசியத்தின் திறப்பு விழா 100 நாள் நடந்தது. செலவேற்று ஆட்டத்தை அளித்தவனை எடிட்டர் என்றார்கள். இன்றைய மொழியில் விளம்பரதாரர். வாட்கின்ஸ் படத்தில் அந்த நாற்காலியில் ஒரு பாஸ்தா நிறுவனம் இருக்கிறது.

‘மல்லன்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். மல்லன் வெறுங்கையோடு பொருபவன்; ஆயுதம் ஏந்தினால் அவன் வேறு ஆள்.

நம்மிடமே நல்ல சொல் இருக்கிறது: பொருநன். பொரு என்றால் போரிடு. போர் என்பதும் அதன் உறவே. ‘எம்முளும் உளனொரு பொருநன்’ என்று அதியமானுக்காக ஔவையார் பகைவரை எச்சரிக்கும்போது (புறநானூறு 87) அது வீரனைக் குறிக்கிறது. பொருநராற்றுப்படையிலோ பொருநர் என்போர் கலைஞர்கள். அவர்களில் ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் என வகைகள் உண்டு. போரிடுபவனும் போரைக் காட்சியாக்குபவனும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். கிளாடியேட்டருக்கு இதைவிட நெருங்கிய சொல் வேறு மொழிகளிலும் எளிதில் கிடைக்காது.

பாடும் பொருநரோடு குழப்பம் வரக்கூடிய இடத்தில் ‘களப்பொருநர்’ என்று எழுதலாம். பெண்ணுக்கும் ‘பொருநர்’ என்றே எழுதுவது இயல்பாக இருக்கும். நகர னகரத்தில் கவனம் வேண்டும்: ‘பொருனன்’ பிழை. தட்டச்சில் பொருநை ஆறாக மாறிவிடுவதும் உண்டு.

அரினா என்பதன் வேர்ப்பொருள் மணல்; இரத்தம் உறிஞ்சப் பரப்பிய மணல் பிறகு இடத்துக்கே பெயராயிற்று. அதற்குப் ‘போரவை’ எனலாம். ஆமூர் மல்லனை வீழ்த்திய சோழனுக்குப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்று பெயர். அந்த மற்போரைப் பாடும் புறநானூறு 80-ஆம் பாட்டில் சாத்தந்தையார், இதை அவன் தந்தை தித்தன் காணட்டும் என்கிறார். பார்ப்பவர் அங்கேயும் இருக்கிறார்.

எல்லாப் படத்துக்கும் இந்தச் சொல்லை ஒட்டக்கூடாது. 1975-இல் வந்த ‘ரோலர்பால்’ படத்தில் நாடுகளும் போர்களும் போய், நிறுவனங்களே உலகை ஆள்கின்றன; அங்கே ஓடுவோர் ‘ஆட்டக்காரர்’தான். ‘ஹங்கர் கேம்ஸ்’ படத்தின் டிரிபியூட் என்ற சொல்லை ‘அஞ்சலி’ என்று பெயர்ப்பது பெரும்பிழை. களத்தில் சாகும்வரை மோத அனுப்பப்படும் பிள்ளைகளைக் குறிக்கும் சொல் அது. கிளர்ச்சியில் தோற்றுப்போன மாவட்டங்கள் தலைநகருக்குக் கட்டும் கப்பம் அந்தப் பிள்ளைகள்; சரியான சொல் ‘திறை’.